இடிந்த கோட்டைகளைப் படம் பிடித்த குமாஸ்தா

1866-ம் ஆண்டு. இந்தூர் மராமத்து இலாகா காரியாலயத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் வேலையில் சேர்ந்தார். கட்டடங்களுக்குப் பிளான் வரைய வேண்டும். செங்கல் எத்தனை, சுண்ணாம்பு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன்.

இந்தூர் அவருடைய சொந்த ஊர் அல்ல. வடக்கே மீரட் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக அங்கே வந்தவர்.

அவர் பெயர் தீன்தயாள். பின்னாளில் வைஸ்ராய்களும், ஐதராபாத் நிஜாமும், விக்டோரியா மகாராணியும் தங்களுடைய போட்டோகிராபர் என்று நியமனம் கொடுத்துப் பெருமைப்படுத்திய ராஜா தீன்தயாள் இவர்தான். அரண்மனை விருந்து, யானை ஊர்வலம், புலி வேட்டை என்று அவர் எடுத்த படங்கள் உலகமெங்கும் பரவின. ஆனால் அவரைத் தேர்ந்த போட்டோகிராபர் ஆக்கியது அரண்மனை அல்ல. வேலை பார்த்த ஊரைச் சுற்றிக் கேட்பாரற்றுக் கிடந்த கோட்டைகளும் கோயில்களும்தான்.

மீரட் பக்கத்துப் பிள்ளை

தீன்தயாள் 1844-ல் சர்தானா என்ற சிற்றூரில் பிறந்தார். மீரட்டிலிருந்து சுமார் பன்னிரண்டு மைல் தூரம். பேகம் சம்ரு என்ற பெண்மணி சிறு படையை வைத்துக்கொண்டு ஆட்சி செய்த ஊர் அது. அவர் கட்டிய பெரிய மாதா கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. தீன்தயாள் பிறந்தது நகைத் தொழில் செய்த ஜைனக் குடும்பத்தில்.

அவருக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, 1857 மே மாதம், மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்த ஆண்டு வட இந்தியா பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. புயல் ஓய்ந்த பிறகு கம்பெனி ஆட்சி போய், மகாராணியின் ஆட்சி வந்தது. புதிய ஆட்சிக்குப் பாலமும் ரோடும் கால்வாயும் கச்சேரிக் கட்டடமும் வேண்டியிருந்தன. அவற்றைக் கட்டத் தெரிந்த ஆட்களும் வேண்டியிருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஆட்களைத் தயார் செய்வதற்கு ரூர்க்கியில் 1847-லேயே ஒரு கல்லூரி ஏற்பட்டிருந்தது. கங்கைக் கால்வாய் வேலைக்காகத் தொடங்கிய அந்தக் கல்லூரி பிறகு தாம்சன் கல்லூரி என்று பெயர் பெற்றது. நகைக்கடைத் தராசைப் பிடித்திருக்க வேண்டிய பையன் அங்கே சேர்ந்து, நிலம் அளக்கவும், பிளான் வரையவும், எஸ்டிமேட் போடவும் கற்றுக்கொண்டான். படிப்பை முடித்ததும் கிடைத்ததுதான் இந்தூர் வேலை.

இந்தூர் அப்போது ஹோல்கார் மகாராஜாவின் தலைநகரம். கவர்னர் ஜெனரலின் ஏஜெண்டும் அங்கேயே இருந்தார். குவாலியர், போபால், தார், ஓர்ச்சா, தத்தியா, ரேவா என்று மத்திய இந்தியாவில் இருந்த பல சமஸ்தானங்களுக்கும் அவர்தான் மேல் அதிகாரி. ஆகவே மகாராஜாக்களும் திவான்களும் தளபதிகளும் இந்தூருக்கு வருவதும் போவதுமாக இருப்பார்கள். மராமத்து இலாகா டிராப்ட்ஸ்மேனுக்கு அவர்களோடு என்ன பேச்சு? எட்ட நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். உழைப்பால் படிப்படியாக உயர்ந்து தலைமை எஸ்டிமேட்டர் ஆனார் தீன்தயாள். சாதாரணமாக ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கை வரலாறு இத்தோடு முடிந்துவிடும்.

முப்பது வயதில் ஒரு புதுப் பைத்தியம்

1874-ம் ஆண்டு வாக்கில் தீன்தயாள் காமிராவைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

அந்தக் காலத்தில் காமிராவைக் கையில் எடுப்பது என்பது பேச்சுக்குத்தான். கையில் எடுக்கக் கூடிய பொருளாக அது இல்லை. மரத்தால் செய்த பெட்டி, முன்னால் பித்தளை லென்சு, நடுவில் ஆர்மோனியத் துருத்தி போன்ற தோல் மடிப்பு, கீழே முக்காலி. பிலிம் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. படத்தைப் பெரிதாக்கும் வசதியும் எளிதில் இல்லை. பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் படம் வேண்டுமென்றால் கண்ணாடியும் அதே அளவு இருக்க வேண்டும்.

கடையில் கண்ணாடி வாங்கிக் காமிராவில் செருகினால் போதாது. படம் எடுக்கும் இடத்திலேயே ஓர் இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். அதற்குள் உட்கார்ந்து, கொலோடியன் என்ற பசைத் திரவத்தைக் கண்ணாடியின் மேல் ஒரே சீராக ஓடவிட வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்டக் காமிராவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட்டு, ஓடி வந்து மருந்தில் கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிஷங்களுக்குள் நடந்தாக வேண்டும். ஈரம் காய்ந்தால் படம் இல்லை!

இங்கிலாந்து போன்ற குளிர்ந்த தேசத்திலேயே இது சிரமமான வேலை. மாளவத்து வெயிலில் எப்படி இருக்கும்? திரவம் கண்ணாடியில் பரவுவதற்கு முன்பே உலரப் பார்க்கும். மருந்து கலக்கவும் கழுவவும் சுத்தமான தண்ணீர் வேண்டும். இடிந்த கோட்டையின் உச்சியில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடம் குடமாகச் சுமந்து ஏற்ற வேண்டியதுதான். மாட்டு வண்டியில் போகும்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கண்ணாடிகள் நொறுங்கும். ஒரு வாரத்து உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

தப்பிப் பிழைத்த கண்ணாடியிலிருந்து காகிதத்தில் படம் போடுவது தனி வேலை. முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசிய காகிதத்தைக் கண்ணாடியோடு சேர்த்து இறுக்கி வெயிலில் வைப்பார்கள். படம் தெரிந்ததும் தங்கம் கலந்த கரைசலில் நனைத்து நிறம் ஏற்றுவார்கள். ஆக ஒரு போட்டோவில் வெள்ளியும் உண்டு, தங்கமும் உண்டு. நகைத் தொழில் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இதில் மனம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

சம்பளக்காரர் ஒருவருக்கு இது கட்டுபடியாகும் பொழுதுபோக்கு அல்ல. யாராவது கை கொடுத்தால்தான் உண்டு. தீன்தயாளுக்குக் கை கொடுத்தவர்கள் இருவர். ஒருவர், கவர்னர் ஜெனரலின் ஏஜெண்டாக இருந்த சர் ஹென்றி டேலி. இந்தூரில் அவர் பெயரால் விளங்கும் டேலி கல்லூரி புகழ் பெற்றது. மற்றவர், இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜிராவ் ஹோல்கார். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அந்தப் பக்கம் வந்தபோது அவரையும் பரிவாரத்தையும் படம் எடுக்கும் வாய்ப்பை இந்தக் குமாஸ்தாவுக்கு வாங்கித் தந்தார்கள். அடுத்து 1875-76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போதும் தீன்தயாளின் காமிரா எதிரே இருந்தது. அந்த இளவரசர்தான் பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர்.

பெரிய மனிதர்களின் முகங்கள் பெயரை வாங்கித் தந்தன. ஆனால் அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவர்கள். மற்ற நாட்களில் என்ன செய்வது?

சுற்று வட்டாரத்துக் கல்லும் மண்ணும்

இந்தூரைச் சுற்றி நாலாபுறமும் பழைய ராஜ்யங்களின் மிச்சங்கள் கிடந்தன. சுல்தான்கள் ஆண்ட கோட்டைகள், பரமார மன்னர்களின் கோயில்கள், புந்தேல ராஜாக்களின் அரண்மனைகள். மழைக்காலத்தில் மரம் முளைக்கும், வேர் சுவரைப் பிளக்கும், கல் விழும். விழுந்த கல்லை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப் போவார்கள். சில இடங்களில் சர்க்காரே ரோடு போட எடுத்துக்கொண்டது உண்டு.

மராமத்து இலாகாக்காரருக்கு ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அதன் கணக்குத் தெரியும். எந்த வளைவு எந்தச் சுமையைத் தாங்குகிறது, எந்தச் சுவர் இன்னும் பத்து மழைக்குத் தாங்கும் என்று கண் அளந்துவிடும். தீன்தயாளின் கட்டடப் படங்களைப் பார்த்தால் இது புரியும். தூண்கள் நேராக நிற்கும். கோபுரம் பின்னால் சாய்வதுபோலத் தோன்றாது. செதுக்கு வேலை தெளிவாகத் தெரியும்படி வெயில் பக்கவாட்டில் விழும். பிளான் வரைந்து பழகிய கை காமிராவைத் திருப்பிய விதம் அது. அழகான படம் எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் வேறு பலரும் உண்டு. இத்தனை ஒழுங்கோடு எடுத்தவர்கள் குறைவு.

1880-ஐ ஒட்டி உலர்ந்த தகடுகள் புழக்கத்துக்கு வந்தன. மருந்து பூசிக் காயவைத்த கண்ணாடிகளைப் பெட்டியில் வாங்கிக்கொள்ளலாம். படம் எடுத்து, ஊர் திரும்பிய பிறகு கழுவலாம். தீன்தயாளும் அதற்கு மாறினார். இருட்டுக் கூடாரத்தைச் சுமந்து திரியும் தொல்லை தீர்ந்தது.

இந்தச் சமயத்தில் சர் லெபல் கிரிபின் என்பவர் இந்தூருக்கு ஏஜெண்டாக வந்தார். பழைய கட்டடங்களில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. 1882-ல் அவர் புந்தேல்கண்டு பக்கம் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது தீன்தயாளையும் கூட அழைத்துப் போனார்.

அந்தப் பயணத்திலும் அதையொட்டியும் எடுத்த படங்கள்தான் தீன்தயாளின் வாழ்நாள் வேலைகளிலேயே உயர்ந்தவை என்று சொல்ல வேண்டும். வேட்டைப் படங்களுக்கு வேறு எவராவது கிடைத்திருப்பார்கள். இவற்றுக்கு ஒருவர் அப்போது போயிருக்காவிட்டால் பிறகு போய்ப் பயனில்லை.

குவாலியர் கோட்டையை எடுத்துக்கொள்வோம். மான்சிங் ராஜா கட்டிய அரண்மனை, நீல ஓடுகள் பதித்த சுவர்களோடு மலை விளிம்பில் நிற்கிறது. 1858-லிருந்து அந்தக் கோட்டை வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கையில் இருந்தது. ராஜாக்களின் மாளிகைகளுக்கு நடுவே சிப்பாய் குடியிருப்புகள் எழுந்தன. 1886-ல்தான் கோட்டை சிந்தியா மகாராஜாவிடம் திரும்பி வந்தது. அதற்குச் சற்று முன்னால் கோட்டை எந்தக் கோலத்தில் இருந்தது என்பதற்குத் தீன்தயாளின் கண்ணாடிகள் சாட்சி.

சாஞ்சியின் கதை இன்னும் விசேஷமானது. அசோகர் காலத்தில் தோன்றிய அந்த ஸ்தூபியை 1822-ல் ஓர் அதிகாரி உள்ளே புதையல் கிடைக்கும் என்று குடைந்தார். ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. தோரண வாசல்கள் நான்கில் இரண்டு தரையில் கிடந்தன. சுமார் அறுபது வருஷம் அப்படியே கிடந்தன! 1881 முதல் 1883 வரை மேஜர் கோல் என்பவர் பிளவை அடைத்து, விழுந்த வாசல்களைத் தூக்கி நிறுத்தினார். தீன்தயாள் காமிராவோடு அலைந்த வருஷங்களும் இவைதான். பிறகு 1912-லிருந்து சர் ஜான் மார்ஷல் விரிவாகச் செப்பனிட்டு இன்று நாம் காணும் சாஞ்சியாக ஆக்கினார். இடைப்பட்ட காலத்துச் சாஞ்சி எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் படங்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கஜுராஹோ அப்போது ரயில் போகாத ஒரு மூலை. 1838-ல் பர்ட் என்ற கம்பெனிப் பட்டாள அதிகாரி எழுதியதற்குப் பிறகே வெளி உலகம் அந்தக் கோயில்களை அறிந்தது. அங்கும் போனார்கள். பேட்வா நதிக்கரையில் ஓர்ச்சா அரண்மனைகளும் ராஜாக்களின் சமாதி மண்டபங்களும் ஆளரவமற்று நிற்பதைப் படம் எடுத்தார்கள். தத்தியாவில் பீர்சிங் தேவ் கட்டிய பல அடுக்கு மாளிகையை எடுத்தார்கள். சில படங்களில் வாசலருகே ஒரு மனிதர் நிற்பார். ஆள் உயரத்தை வைத்துக் கட்டட உயரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எஸ்டிமேட்டர் புத்தி எங்கே போகும்?

1886-ல் லண்டனில் இந்தப் படங்கள் புத்தகமாக வெளிவந்தன. மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற நினைவுச் சின்னங்கள் என்று பெயர். மொத்தம் 89 படங்கள். ஆசிரியர் என்ற இடத்தில் சர் லெபல் கிரிபின் பெயர் இருந்தது. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனாலும் அந்தப் புத்தகத்தை இன்று தேடுகிறவர்கள் கிரிபினின் எழுத்துக்காகத் தேடுவதில்லை, படங்களுக்காகத்தான் தேடுகிறார்கள்.

வேலையா, காமிராவா?

இந்த வேலையெல்லாம் நடக்கும்போது தீன்தயாள் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலதிகாரி தயவு இருக்கும்வரை போகலாம், வரலாம். அந்தத் தயவு போனால் மறுபடியும் மேஜையும் எஸ்டிமேட்டும்தான். எடுத்தது போதாது, இந்தியா முழுவதும் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதுமா?

நீண்ட லீவு எடுத்தார். ஆனால் லீவும் ஒரு நாள் முடியுமே!

அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஏறக்குறைய இருபது வருஷ சர்வீஸ். மனைவி, ஞான்சந்த், தரம்சந்த் என்று இரண்டு பிள்ளைகள். இன்னும் சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பென்ஷனோடு வெளியே வரலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. போட்டோத் தொழிலில் இன்று மகாராஜா கூப்பிடுவார், நாளை கூப்பிடமாட்டார். கண்ணாடி, மருந்து, காகிதம் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அவற்றுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சிம்லாவிலும் ஸ்டூடியோ வைத்துக் கொடிகட்டிப் பறந்த காலம்.

தீன்தயாள் வேலையை விட்டார்.

1885-ல் வைஸ்ராய் டப்ரின் பிரபு அவரைத் தம்முடைய போட்டோகிராபராக நியமித்தார். அதே சமயத்தில் ஐதராபாத்திலிருந்தும் அழைப்பு வந்தது. ஆறாவது நிஜாம் மகபூப் அலிகானுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. மூன்று வயதில் பட்டத்துக்கு வந்து, 1884-ல்தான் முழு அதிகாரம் பெற்றவர். புதுமைப் பொருள்களில் ஆசை கொண்ட இளைஞர். இந்தூர்க் குமாஸ்தா நிஜாமின் ஆஸ்தானப் போட்டோகிராபர் ஆனார்.

செகந்தராபாத் ஸ்டூடியோ

தீன்தயாள் குடும்பத்தோடு தெற்கே வந்து செகந்தராபாத்தில் ஸ்டூடியோ தொடங்கினார். செகந்தராபாத் பட்டாள ஊர். மதராஸ் ராணுவத்தின் படைகள் தங்கியிருந்த இடம். அந்தப் படைகளோடு வந்த தமிழர்களும் அங்கே வாழ்ந்தார்கள். மொழியும் சாப்பாடும் வேறான அந்த ஊர் தீன்தயாளுக்கு இரண்டாவது அயலூர். அங்கேயே கடைசிவரை நிலைத்துவிட்டார்.

விக்டோரியா மகாராணியின் போட்டோகிராபர் என்ற நியமனமும் கிடைத்தது. 1893-ல் அமெரிக்காவில் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய படங்கள் பரிசு பெற்றன. விவேகானந்தர் சொற்பொழிவு செய்த அதே சிக்காகோ, அதே ஆண்டு. அடுத்த ஆண்டு நிஜாம் அவருக்கு ராஜா முசவ்விர் ஜங் பகதூர் என்று பட்டம் கொடுத்தார். படக்கலையில் மாவீரர் என்பதுபோல அதற்குப் பொருள்.

ஸ்டூடியோவில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். கழுவுகிறவர், காகிதத்தில் போடுகிறவர், அட்டையில் ஒட்டுகிறவர், வர்ணம் தீட்டுகிறவர் என்று ஆள் தனித்தனி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் நம்பர் போட்டார்கள். பழைய காரியாலயப் பழக்கம் இங்கே கை கொடுத்தது. அந்த நம்பர்கள் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் எது எந்த ஊர், யார் படம் என்று கண்டுபிடிக்க முடிந்தது.

கோஷா முறை கடுமையாக இருந்த நகரத்தில் பெண்களை யார் படம் எடுப்பது? 1892-ல் பெண்களுக்கென்றே ஒரு தனி ஸ்டூடியோ ஏற்படுத்தினார். சுற்றிலும் உயர்ந்த சுவர். உள்ளே வேலை செய்தவர்கள் பெண்கள். பொறுப்பில் இருந்தவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. ஆண்கள் வாசலோடு சரி. வெளியே தலைகாட்டாத பெண்களும் பல்லக்கில் வந்து படம் எடுத்துக்கொண்டு போக வழி பிறந்தது.

அரண்மனைப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கர்சன் பிரபு 1902-ல் ஐதராபாத் வந்தபோது செத்த புலிக்குப் பின்னால் மனைவியோடு நிற்கும் படம் எத்தனையோ புத்தகங்களில் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஸ்டூடியோவில் வேறு படங்களும் உண்டு. சார்மினார் தெரு, அதில் நடமாடும் ஜனங்கள், கடைவீதி, ஆறு, பாலம். அவற்றை யாரும் பட்டுத் துணியில் சுற்றி வைத்ததில்லை. மூசி நதி அப்போது நகரத்துக்கு நடுவே சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. 1908 செப்டம்பரில் அந்த நதி பொங்கி வந்து கரையோரத்து வீடுகளையும் பாலங்களையும் ஆயிரக்கணக்கான உயிர்களையும் வாரிக்கொண்டு போனது. நதிக்கரை பிறகு வேறு கோலமாகிவிட்டது. வெள்ளத்துக்கு முந்திய நகரத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு இந்தச் சாதாரணத் தெருப் படங்களே உதவுகின்றன.

1900-ஐ ஒட்டித் தக்காணத்தில் கொடிய பஞ்சம் வந்தது. நிஜாம் சர்க்கார் ஔரங்காபாத் பக்கத்தில் நிவாரண வேலைகளை நடத்தியது. அங்கும் தீன்தயாள் ஸ்டூடியோவின் காமிரா போயிற்று. எடுக்கச் சொன்னது சர்க்கார். தன்னுடைய நல்ல காரியங்களுக்குக் கணக்குக் காட்ட எடுக்கச் சொன்னது. ஆனால் காமிரா அதோடு நிற்பதில்லை. விருந்து மேஜையில் வெள்ளிப் பாத்திரங்கள் பளபளக்கும் படம் ஒன்று. எலும்பும் தோலுமான மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. இரண்டும் ஒரே ராஜ்யத்தில், ஒரே ஸ்டூடியோ எடுத்தவை.

பம்பாயும் கடைசி நாட்களும்

1896-ல் தீன்தயாள் பம்பாயில் ஒரு ஸ்டூடியோ திறந்தார். இந்தூர், செகந்தராபாத், பம்பாய் என்று மூன்று ஊரில் பெயர்ப்பலகை. ஆனால் அது பொல்லாத ஆண்டு. அந்த வருஷம்தான் பம்பாயில் பிளேக் புகுந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஊரை விட்டு ஓடினார்கள். அப்படியும் கடை நடந்தது.

1899-ல் தம்முடைய போட்டோத் தொழிலைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதி வைத்தார். 1903-ல் டில்லியில் கர்சன் பிரபு நடத்திய தர்பாருக்குப் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுத்தார். தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த பெரிய வேலைகளில் அது ஒன்று. அடுத்த ஆண்டே மகன் தரம்சந்த் இறந்துபோனார். தொழிலைத் தூக்கி நிறுத்துவார் என்று நம்பியிருந்த பிள்ளை. அந்த அடி தந்தையைச் சாய்த்துவிட்டது. 1905 ஜூலை 5-ந் தேதி ராஜா தீன்தயாள் காலமானார்.

1911-ல் மகபூப் அலிகானும் மறைந்தார். புதிய நிஜாமின் காலத்தில் பழைய ஆதரவு இல்லை. அதற்குள் கையடக்கக் காமிராவும் பிலிமும் வந்து, படம் எடுப்பது யாருக்கும் சாத்தியம் என்று ஆகிவிட்டது. ஸ்டூடியோவின் பெருமை சிறுகச் சிறுகக் குறைந்தது.

கண்ணாடிகள் மட்டும் மிஞ்சின. ஓர் ஸ்டூடியோ நொடித்தால் பழைய கண்ணாடிகளுக்கு என்ன கதி ஏற்படும் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். மருந்தைச் சுரண்டிவிட்டு ஜன்னலுக்குப் போட விற்றுவிடுவார்கள். எத்தனையோ ஸ்டூடியோக்களின் ஆயுள் வேலை அப்படிச் சூரிய வெளிச்சத்தில் மறைந்து போயிருக்கிறது. தீன்தயாளின் சந்ததியார் பெரும் பகுதியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1989-ல் டில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 2,857 கண்ணாடித் தகடுகளை விலைக்கு வாங்கியது. 2006-ல் தபால் இலாகா அவர் நினைவாக ஒரு தபால் தலை வெளியிட்டது.

டில்லியில் இருக்கும் அந்தக் கண்ணாடிகளில் தீன்தயாள் ஸ்டூடியோ போட்ட நம்பர்களை இன்றும் படிக்கலாம்.